907-க்குப் போன பணம்

முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. பூட்டை யாரும் உடைக்கவில்லை, கல்லாவில் யாரும் கை வைக்கவில்லை. மேஜை இழுப்பறைக்குள் கிடந்த ஒரு பழைய செல்போனிலிருந்து ஆறு தவணையாகப் போய்விட்டது.

2008 வைகாசி, கருட சேவை அன்று காலை. வரதர் சின்ன காஞ்சிபுரத்தில் புறப்பட்டுப் பெரிய காஞ்சிபுரம் வரை வருகிற நாள். வெளியூர்க் கூட்டம் தெருவை அடைத்துவிடும். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம் அது. பிள்ளையைக் கூட்டத்தில் விட்டவன், வேன் எங்கே நிற்கிறது என்று தெரியாதவன், ஊரிலிருக்கும் மாமியாருக்கு மேளச் சத்தத்தைக் கேட்க வைக்கிறவள் என்று எல்லாருக்கும் ஒன்பது மணிக்குள் பேலன்ஸ் தீர்ந்துவிடும். ரீசார்ஜ் கடைக்காரனுக்கு அதுதான் தீபாவளி.

கடைக்காரனுக்கென்று ஒரு தனி சிம் இருக்கும். அதில் டிஸ்ட்ரிபியூட்டர் பேலன்ஸ் ஏற்றுவார். நாலு இலக்க ரகசிய எண்ணைப் போட்டு, அதிலிருந்து பத்து, ஐம்பது என்று கடைக்காரன் ஜனங்களின் நம்பருக்கு அனுப்புவான். ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்காரனின் சிம்முக்கும் அனுப்பலாம். அப்படித்தான் போயிருந்தது. முப்பத்தெட்டாயிரமும் டிஸ்ட்ரிபியூட்டர் கிருஷ்ணஸ்வாமி திருவிழாவுக்காகக் கடனாக ஏற்றிக் கொடுத்தது.

கடையின் பெயர் அர்ஜுன் செல் வேர்ல்டு. அர்ஜுனன் முதலாளி. அவன் தங்கை கலாவதி காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை உட்கார்ந்திருப்பவள். வயது முப்பத்து மூன்று. வாலாஜாபாத்தில் புருஷனை விட்டு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. வந்த இரண்டாம் மாதமே அண்ணன் அவளைக் கடைக்குள் உட்கார வைத்தான். சம்பளம் என்று ஆயிரத்தைந்நூறு கொடுப்பான், அதையும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கொடுப்பான்.

திருட்டு தெரிந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே கிருஷ்ணஸ்வாமிக்கு போன் போட்டு அவன் சொன்னது இதுதான்: "சார், ரகசிய நம்பர் எனக்கும் கலாவுக்கும்தான் தெரியும். நான் குடும்பத்தோட சாமி பார்த்துக்கினு இருந்தேன்."

கலாவதி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வாக்கியம். அதற்குள் அவளைத் திருடியாக்கிவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டு, டீ சொல்லப் போனான்.

கிருஷ்ணஸ்வாமி கெட்டவர் இல்லை. நெற்றியில் திருமண், சட்டைப்பையில் மூன்று பேனா, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். மறுநாள் கடைக்கே வந்து அமைதியாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கறேம்மா. பணம் வரலேன்னா போலீஸுக்குக் கொடுத்துடுவேன். கம்பெனிக்கு நான் பதில் சொல்லணுமோல்லியோ? அர்ஜுனன் குடும்பஸ்தன், நாலு வருஷமா ஒரு ரூபா பாக்கி வச்சதில்லை. நீ ஏதாவது கஷ்டத்துல பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடு."

"நான் பண்ணல சார்."

"யாராவது கம்பெனிலேர்ந்து பேசறோம்னு சொல்லி நம்பரைக் கேட்டாளா?"

"யாரும் கேக்கல. நானும் சொல்லல."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நம்பவில்லை என்பதைக்கூட மரியாதையாகச் செய்தார்.

செவ்வாய்க்கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்க்கடை டீ மாஸ்டர் கலாவதியிடம் மட்டும் சில்லறையை எண்ணி வாங்க ஆரம்பித்தார். தறிக்குப் போகிற இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். "அக்கா, முப்பது ரூபாக்கு போடுங்க. முப்பதும் எனக்கே போடுங்க, பாதில வேற எங்கயாவது போயிடப் போவுது" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"உன் மூஞ்சிக்கு முப்பதே ஜாஸ்தி, எடுத்துக்கினு போ" என்றாள் கலாவதி. எதையாவது எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது, எறிவதற்குக் கடையில் எல்லாமே அண்ணன் பொருள்.

அழுதால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். சும்மா இருந்தாலும் அதே அர்த்தம். புதன்கிழமை காலை கடையைத் திறக்காமல், சாவியை அண்ணி கையில் கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோ ஏறிச் சின்ன காஞ்சிபுரத்தில் கிருஷ்ணஸ்வாமியின் ஆபீசுக்குப் போனாள்.

அங்கே கம்ப்யூட்டரில் உட்காருகிறவள் ஷாஹீன். இருபத்தைந்து வயது, பி.சி.ஏ. படித்தவள். இரண்டு வருஷமாக தினமும் இரண்டு தடவை போனில் பேசிக்கொள்கிறார்கள், நேரில் பார்ப்பது நாலாவது தடவை.

"பணம் எங்க போச்சுன்னு பார்க்கணும் ஷாஹீன்."

"கம்ப்ளெயின்ட் ஆனப்புறம் கம்பெனியே பார்க்கும்க்கா."

"கம்ப்ளெயின்ட்ல என் பேர் இருக்கும்மா. அப்புறம் எவன் பார்ப்பான்?"

ஷாஹீன் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். கிருஷ்ணஸ்வாமி இன்னும் வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள்.

திரையில் எல்லாம் இருந்தது. பேலன்ஸ் என்பது கண்ணுக்குத் தெரியாத பணம்தான், ஆனால் நோட்டைப் போல இல்லை அது. நோட்டு கை மாறினால் மாறியதுதான். இது ஒவ்வொரு நம்பரிலும் வந்த நேரம், போன நேரம், தொகை எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுத்தான் நகரும்.

கடை சிம்மிலிருந்து கருட சேவை அன்று காலை 6:14-க்கு ஏழாயிரம். 6:16-க்கு ஏழாயிரம். ஒரு தடவைக்கு அதற்கு மேல் போகாது. ஐந்து ஏழாயிரம், கடைசியாக ஒரு மூவாயிரம். எல்லாம் ஒரே நம்பருக்கு, 907 என்று முடிகிற ஒரு கடைக்கார சிம்முக்கு.

"அங்கேர்ந்து எங்க போச்சு?"

"இருங்கக்கா, ஒவ்வொண்ணா தான் ஓப்பன் ஆகும்." ஷாஹீன் 907-ஐத் தட்டினாள். "அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள மூணு கடைக்குப் பிரிச்சிருக்காங்க. ஐயம்பேட்டைக்கு பதினாலாயிரம், ஓரிக்கைக்கு பன்னெண்டு, மாகறல்ல ஹனீஃபா பாய் கடைக்கு பன்னெண்டு."

"அந்த மூணு கடையிலேர்ந்து?"

ஷாஹீன் ஒன்றைத் திறந்து காட்டினாள். பத்து, இருபது, பத்து, ஐம்பது என்று நூறு நம்பர் கீழே கீழே ஓடியது. "ஜனங்களுக்குப் போயிடுச்சுக்கா. பேசியே தீர்த்திருப்பாங்க. இதுக்கு மேல தேட முடியாது."

"கீழ போவ வேணாம். 907 யாரு?"

ஷாஹீன் அந்த சிம்முக்கான விண்ணப்பத்தை எடுத்தாள். நீலாம்பாள், பூக்கடை, மாகறல். வாக்காளர் அட்டை நகல். அறிமுகம் செய்தவர் என்ற இடத்தில் ஊதா மையில் முத்திரை: அர்ஜுன் செல் வேர்ல்டு.

கலாவதிக்கு அந்த அட்டை தெரியும். மாசி மாதம் நீலாம்பாள் ஒரு சாதாரண சிம் வாங்க வந்தபோது கலாவதியேதான் ஜெராக்ஸ் எடுத்தாள். அந்த அம்மாளுக்குக் கடைக்கார சிம் என்றால் என்னவென்றே தெரியாது. நகல்கள் கடை ஃபைலில் இருக்கும். முத்திரை கடை மேஜையில் இருக்கும். தேடத் தேட வழி அவள் உட்காருகிற நாற்காலிக்கே வந்துகொண்டிருந்தது.

ஷாஹீன் மறுபடி 907-ன் பட்டியலைத் திறந்து மேலே நகர்த்தினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். கலாவதியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, உங்க சொந்த நம்பர் 266-ல தானே முடியும்?"

"ஆமா. ஏன்?"

"907 ஆக்டிவேட் ஆன அன்னிக்கு, கருட சேவைக்கு மொத நாள் சாயந்திரம், மொத ரீசார்ஜ் உங்க நம்பருக்குத்தான் போயிருக்குது. பதினோரு ரூபா."

சரியாக அந்த நேரத்தில் கிருஷ்ணஸ்வாமி பின்னால் வந்து நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை.

"இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

"சார், இது போணி சார்."

"என்னது?"

"போணி. எங்க கடையில எந்தப் புது சிம் வந்தாலும் மொத ரீசார்ஜ் என் நம்பருக்குத்தான் போடுவோம். பதினோரு ரூபா. மொத மொதல்ல அப்படிப் போட்ட அன்னிக்கு ஆறாயிரத்துக்கு ஓடிச்சு. என் நம்பர் ராசின்னு அன்னிலேர்ந்து எங்க அண்ணன்தான் போடுவாரு. ஒரு தடவை மறந்துட்டாரு, அந்த சிம்மு பத்தே நாள்ல பிளாக் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் விட்டதே இல்ல. புது சிம்முல அம்பது ரூபா வரும்ல, அதுலேர்ந்து போட்டிருக்காரு."

"திருடப் போறவன் போணி பண்ணிட்டா திருடுவான்?"

"எங்க அண்ணன் பண்ணுவாரு சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. இரண்டு நாளாகத் தெரிந்தும் தெரியாதது போல வைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. சாமி பார்த்துக்கினு இருந்தேன். குடும்பத்தோட. டீ சொல்லப் போன முதுகு. உள்ளே ஏதோ உடைகிறது என்றெல்லாம் இல்லை. கொதித்தது, அவ்வளவுதான்.

"போணின்னு நீ போலீஸ்காரன்கிட்ட சொன்னா சிரிப்பான்" என்றார் கிருஷ்ணஸ்வாமி. "கூடப் பிறந்தவன் மேலேயே போடறியேம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும்னு சொன்னேன், இனிமே முடியாது. நாளைக்குக் காலம்பற பத்து மணி."

"இந்தப் பேப்பரை அச்சடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

"உனக்கு எதிரா இருக்கற பேப்பர்மா அது."

"தெரியும். குடுக்கச் சொல்லுங்க."

மாகறல் பஸ்ஸில் உட்கார இடமில்லை. காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வழி முழுக்க நின்றே போனாள். பிரிந்து வந்தபோது வாலாஜாபாத்தில் சொன்னார்கள், இவள் எங்கே போனாலும் விளங்காது என்று. அண்ணனோ அவள் நம்பரை ராசி என்று சொல்லியே நாலு வருஷம் சம்பாதித்தான். அதே நம்பரை வைத்து அவளை உள்ளே தள்ளவும் பார்த்தான். இரண்டும் அவனுக்கு ஒரே வேலைதான்.

ஹனீஃபா பாய் கோயில் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருந்தார். பாதி ரீசார்ஜ், பாதி கடிகார ரிப்பேர். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்திருந்தவர் அவளைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார்.

"வாம்மா தங்கச்சி. கேஸ் எப்டி போவுது?"

"எந்தக் கேஸு பாய்?"

"உன் கேஸுதாம்மா. வாலாஜாபாத் கேஸு. அதுக்குத்தானே அவசரமா பேலன்ஸை வித்தீங்க?"

கலாவதி காகிதத்தைப் பிரித்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். "பன்னெண்டாயிரம் உங்களுக்கு வந்திருக்குது. யாரு வந்து வித்தது?"

பாய் காகிதத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது போலீஸ் மாதிரி கேக்கற?"

"போலீஸு நாளைக்குக் கேக்கும். இன்னிக்கு நான் கேக்கறேன்."

"அர்ஜுனன்தாம்மா. வேற யாரு? நூத்துக்குத் தொண்ணூறு குடு பாய், தங்கச்சிக்கு வக்கீல் செலவு, நீலாம்பாள் பேர்ல இருக்கற சிம்முலேர்ந்து வரும், பில்லு கேக்காதன்னாரு. பொண்ணு விஷயமாச்சேன்னு நானும் கேக்கல. பத்தாயிரத்து எட்நூறு ரொக்கமா எண்ணிக் குடுத்தேன்."

"எனக்குக் கேஸே கிடையாது பாய். அந்த ஆள் மேல கேஸ் போடக்கூட எனக்கு நேரம் இல்ல, கடையில உக்காந்துக்கினு இருக்கேன்."

பாய் கைக்கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் காகிதத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"கிருஷ்ணஸ்வாமி சார்கிட்ட வந்து இதையே சொல்லணும்."

"ஐயையோ. திருட்டுச் சரக்கு வாங்கினேன்னு என்னையும் சேர்த்துப் போட்டுடுவாங்கம்மா. எனக்கு ரெண்டு பொண்ணு."

"நீங்க வரலேன்னாலும் உங்க நம்பரு இந்தப் பேப்பர்லதான் இருக்குது. நீங்களா வந்து சொன்னா ஏமாந்த ஆளு. அவங்களா தேடிக்கினு வந்தா கூட்டாளி. எது வேணும்னு பாத்துக்கோங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி நாளா நீ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லியேம்மா."

"யாரும் கேக்கல."

பாய் ஷட்டரை இழுத்துவிட்டு மொபெட்டை எடுத்தார்.

நாலு மணிக்கு கிருஷ்ணஸ்வாமியின் உள்ளறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஹனீஃபா பாய் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லி முடித்தார். ஷாஹீன் ஐயம்பேட்டைக்கும் ஓரிக்கைக்கும் போன் போட்டாள். அர்ஜுனன்தான் வந்து விற்றான் என்று இரண்டு கடையிலும் சொன்னார்கள், அங்கேயும் தங்கச்சியின் வக்கீல் செலவுதான். கிருஷ்ணஸ்வாமி போன் போட்டு வரவழைத்த அர்ஜுனன் கதவுக்குப் பக்கத்தில் நின்றான். முதலில் இல்லை என்றான். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"ஒரகடத்துல ஒரு பிளாட்டு சார். கம்பெனிங்க வரப் போவுது, விலை ஏறிடும்னாங்க. அட்வான்ஸ் கட்டலேன்னா போயிடும். ஆறு மாசத்துல திருப்பிக் கட்டிடலாம்னு..."

"அதுக்கு ஏன்டா அவ மேல சொன்னே?" என்றார் கிருஷ்ணஸ்வாமி. அவன் மேல் அவர் முதல் தடவையாகக் குரல் உயர்த்தியது அதுதான், அதுவும் பாதி உயரம்.

"அவ பொம்பளை சார். புருஷன் இல்லாம இருக்கறவ. நீங்க பாவம் பார்த்து விட்டுடுவீங்கன்னு நெனைச்சேன். போலீஸு வரைக்கும் போவும்னு நெனைக்கல."

"அந்தப் பதினோரு ரூபா?"

அர்ஜுனன் நிமிர்ந்து பார்த்தான். இந்த ஒரு கேள்விதான் அவனுக்கு உண்மையிலேயே புரியாதது போலிருந்தது. "புது சிம்மு சார். போணி பண்ணாம எப்படி சார் ஆரம்பிக்கறது?"

ஹனீஃபா பாய்க்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார்.

கிருஷ்ணஸ்வாமி நீளமாக மூச்சு விட்டார். அப்போதுதான் கலாவதி அதைப் பார்த்தாள். அவர் முகம் தளர்ந்தது. ஒரு பெரிய தொல்லை தீர்ந்த மனிதரின் முகம். மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார், மறுநாளைக்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்த புகார். அதை இரண்டாகக் கிழிக்கப் போனார்.

"போகட்டும். குடும்பத்துக்குள்ள நடந்தது. அர்ஜுனா, அட்வான்ஸைத் திரும்ப வாங்கி பதினஞ்சு நாள்ல கட்டிடு. நான் வெளியில சொல்லலை. கேஸுன்னு போனா கம்பெனி என் ஏஜென்சியையும் கேள்வி கேக்கும். கலாவதி, நீயும் பெரிசு பண்ணாதேம்மா. உம்மேல தப்பில்லைன்னு நேக்குத் தெரிஞ்சுடுத்து, அது போதாதா?"

"கிழிக்காதீங்க சார்."

"என்னம்மா?"

"அதுல என் பேரு எத்தினி எடத்துல இருக்குது?"

ஷாஹீன் சொன்னாள், அவள்தான் தட்டச்சு செய்தவள். "நாலு எடத்துலக்கா."

"நான் பண்ணினேன்னு நெனைச்சப்போ நாளைக்குக் காலைல பத்து மணின்னீங்க. அவரு பண்ணினப்போ பதினஞ்சு நாளா? என் பேர் இருந்தா போலீஸு, அவரு பேர் இருந்தா குடும்பமா?" அவள் குரல் வெளி ரூம் வரை போயிற்று. "தெருவுல சில்லறைய எண்ணி வாங்கறாங்க சார் என்கிட்ட. தறிக்குப் போற பையன் கிண்டல் பண்ணிட்டுப் போறான். உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு, சரி. அவங்க எல்லாருக்கும் யாரு போய்ச் சொல்லுவா? நீங்க வெளியில சொல்லலேன்னா, வெளியில நான்தானே திருடி?"

அர்ஜுனன் எழுந்தான். "கலா, வீட்டுக்குப் போயி பேசிக்கலாம். அண்ணன் சொல்றேன்ல."

"நீ சும்மாரு. நீ போன்ல ரெண்டே வார்த்தைல என்னைத் திருடியாக்கின. வீட்டுக்குப் போயா பேசின அன்னிக்கு?"

"சோறு போட்டவன்டீ நானு."

"பன்னெண்டு மணி நேரம் உக்காந்து நானே சம்பாரிச்ச சோறு. உன் கையால நீ போட்டதா நெனைச்சுக்கினு இருக்கியா?"

அவன் உட்கார்ந்தான். அவள் கிருஷ்ணஸ்வாமியின் கையிலிருந்த காகிதத்தை நேராகக் கை நீட்டி வாங்கினாள். அவர் விட்டுவிட்டார். அதை ஷாஹீனிடம் கொடுத்தாள்.

"நாலு எடத்துலயும் பேரை மாத்து. மிச்சமெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

ஷாஹீன் முதலாளியைப் பார்த்தாள். அவர் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"சார் கையெழுத்துப் போடலேன்னா?" என்றாள் ஷாஹீன் மெதுவாக.

"போட வேணாம். நான் தனியா எழுதிக் குடுத்துக்கறேன். ஏஜென்சிக்காரருக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சும் வேணாம்னுட்டாருன்னு அதையும் சேர்த்து எழுதறேன்."

ஷாஹீன் எழுந்து கம்ப்யூட்டருக்குப் போனாள். வெளியே பிரிண்டர் கிறீச்சிட்டுக் காகிதத்தைத் துப்ப ஆரம்பித்தது. கிருஷ்ணஸ்வாமி கையெழுத்துப் போட்டார். போடும்போது யாரையும் பார்க்கவில்லை.

ஹனீஃபா பாய் மொபெட்டில் ஸ்டேஷன் வாசல் வரை கொண்டுபோய் விட்டார். உள்ளே சாட்சி சொல்ல நாளைக்கு வருகிறேன், நிச்சயமாக வருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். கலாவதி தனியாகப் போனாள்.

ரைட்டர் புகாரை முழுக்கப் படித்தார். பின்னால் இணைத்திருந்த பட்டியலைப் புரட்டினார், 907-ல் விரலை வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போட்டார்.

"இந்த அர்ஜுனன் உனக்கு என்னம்மா ஆவணும்?"

"எங்க அண்ணன்."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏட்டு திரும்பிப் பார்த்தார். "கூடப் பொறந்தவனா? ஏம்மா, வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா கூப்புட்டுக்கினு வாயேன். பேசி முடிச்சுடலாம். நாளைக்கு நீ எங்க போயி இருப்ப?"

அது அவளுக்கும் தெரியாது. சாவி அண்ணியிடம், துணிமணி அந்த வீட்டில், சம்பளம் போன மாதத்தோடு நின்றது. ராத்திரி எங்கே படுப்பது என்றுகூட யோசிக்கவில்லை.

சுவரோரம் கிடந்த நாற்காலியை மேஜைக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க எழுதுங்க."